ஒரே கதவு, யாருக்கெல்லாம் திறக்கிறது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய சேட்டைகளைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல்வர் இப்பவும் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அதை விட்டுவிட்டேன். ஒரு பம்பு கதை சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியில். போன வருஷம் ஒரு கிராமத்துக் குடிநீர்ப் பம்பின் ஷாஃப்ட் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறிந்தது. மூன்றாம் முறை மாற்றப் போனபோது, குடத்தோடு நின்ற ஓர் அம்மா கேட்டார்: "ஏன் சார், இதாச்சும் தீபாவளி வரைக்கும் தாங்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இரவு உட்கார்ந்து தேடினேன். தலைப்பைப் பார்த்தாலே நமக்காக எழுதியது போல ஓர் ஆய்வுக் கட்டுரை. திறக்கப் போனால் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறது. நம் கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கையிடம் எடுத்துத் தரச் சொன்னேன். "அண்ணா, அந்த நாடு முழுக்க ஒரே சந்தா திட்டத்துல நம்ம காலேஜ் இல்லண்ணா" என்றாள்.

அது என்ன திட்டம்? முன்பு ஒவ்வொரு அமைச்சகமும் தனக்குக் கீழே உள்ள நிறுவனங்களுக்குத் தனித்தனியாக இதழ்ச் சந்தா கட்டியது. அப்படிப் பத்துக் கூட்டமைப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றான 'இ-ஷோத்சிந்து'வே, அதற்கு முன்பிருந்த மூன்றைச் சேர்த்து 2015-இல் ஒன்றாக்கியதுதான். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பேர். நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இதை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரே இதழுக்குப் பத்து வாசலில் பணம் கட்டுவதைவிட, ஒரே வாசலில் நின்று பேரம் பேசுவது நல்லதுதான். சின்ன ஊர் அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் பெரிய நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே புத்தக அலமாரி என்பது லேசான காரியமா? ஆனால் முதல் கட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். நம்மைப் போன்ற தனியார் கல்லூரி வெளியே. பட்டம் வாங்கிப் போன என்னைப் போன்றவன் அதற்கும் வெளியே.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 'எரிக்' என்பது அவர்களுடைய கல்வி ஆய்வுத் தரவுத்தளம், 1960-களில் தொடங்கியது. வெவ்வேறு துறைக்கென்று 16 மையங்கள் இருந்தன. பள்ளி ஆசிரியர் ஒருவர் கேள்வி எழுதி அனுப்பினால், அங்கே உள்ளவர்கள் தேடிப் பதில் அனுப்புவார்கள். 2003 இறுதியில் எல்லா மையங்களையும் மூடி ஒரே அமைப்பாக்கினார்கள். தரவுத்தளம் பிழைத்தது. பதில் சொன்ன ஆள் போய்விட்டார். 2012-இல் சில ஆவணங்களில் தனிநபர் விவரங்கள் இருப்பது தெரிந்து, ஏராளமான முழுப் பிரதிகளை ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்தார்கள். கதவு ஒன்றுதான் என்றால், அது சாத்தினால் எல்லோருமே வெளியேதான்.

சரி, என் ஷாஃப்ட் என்ன ஆச்சு? நம் நூலகர் ஐயா அந்தக் காலத்தில் சொன்னது ஞாபகம் வந்தது: "தம்பி, கதவு பூட்டியிருந்தா ஜன்னல் இருக்கான்னு பாரு." அப்படித்தான் 'ஷோத்கங்கா'வுக்குப் போனேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அதே இன்ஃப்ளிப்நெட் அங்கே சேர்த்து வைத்திருக்கிறது. பாஸ்வேர்டு வேண்டாம், பைசா வேண்டாம். பக்கத்தில் நாகமலையில் இருக்கிற நம் காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் அதில் உண்டு. யாரோ ஒருவருடைய ஆய்வேட்டில், ஓர் அத்தியாயத்தில் விடை இருந்தது. கீ-வே மூலையை நாங்கள் கூராக வெட்டியிருந்தோம். விசை அங்கே குவிந்து விரிசல் அங்கேதான் பிறந்தது. மூலையை வளைத்து வெட்டினோம். தீபாவளியும் போச்சு, பொங்கலும் போச்சு, தண்ணீர் வருகிறது.

எனவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, கல்லூரி நிர்வாகத்துக்கு. பழைய மாணவர்களுக்கு ஒரு நூலக அட்டை கொடுங்கள். நம் கல்லூரி வாங்குகிற இதழ்களை, ஒப்பந்தம் இடம் கொடுக்கிற அளவுக்கு, நாங்கள் நேரில் வந்து படிக்கிறோம்.

இரண்டு, சங்கத்துக்கு. இந்த வருஷம் இன்னொரு அலங்கார வளைவு வேண்டாம். அந்தப் பணத்தில் நூலகத்தில் தேடிக் கொடுக்க ஓர் ஆளை அமர்த்துவோம். தனியார் கல்லூரிகளையும் பொது நூலகங்களையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அரசுக்கு ஒரு மனுவும் எழுதுவோம். மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து இந்த இதழ்களைப் படிக்கிற நாள் வரவேண்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

மூன்று, தம்பி தங்கைகளுக்கு. உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். நூலகத்தில் சேர்த்து எல்லோரும் பார்க்கும்படி செய்யுங்கள். யாருக்கு எது உதவும் என்று நமக்குத் தெரியாது. அந்த ஆய்வேட்டை எழுதியவருக்கு ஒரு கிராமத்தில் குடம் நிறைகிற விஷயம் இன்று வரை தெரியாது.