காது கேட்கும் விதம்



ஒலிபெருக்கி காற்றை அசைக்கிறது, அசைந்த காற்று வந்து காதில் படுகிறது, உடனே நமக்குக் கேட்கிறது என்று நாம் சர்வ சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கடினமான காரியமெல்லாம் காற்று காதைத் தொட்ட பிறகுதான் ஆரம்பமாகிறது. ஏனெனில், கேள்வியுணர்ச்சியை உண்டாக்கும் சூக்ஷ்மமான உயிரணுக்கள் காற்று படும் இடத்தில் இல்லை. மண்டையோட்டின் மிகவும் கெட்டியான எலும்புக்குள்ளே, திரவத்தில் மூழ்கியிருக்கின்றன. காற்றில் வரும் சப்தம் நீர்ப்பரப்பின்மேல் விழும்போது, அதன் சக்தியில் உத்தேசமாக ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மற்றதெல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். குளத்தில் முழுகியிருப்பவனுக்குக் கரையில் நின்று கூப்பிடுகிறவனின் குரல் எட்டாமற் போவது இதனால்தான். இந்தத் தடையைக் காது எவ்வாறு வெல்கிறது என்பதே அதன் அமைப்பில் நாம் அறிய வேண்டிய பிரதானமான விஷயம்.

தோடும் கடுக்கனும் அணிவதற்கென்றே படைக்கப்பட்டதுபோலத் தோன்றும் புறச்செவியின் மடல், வெறும் அலங்காரமன்று. அதன் மேடுபள்ளங்களிற் பட்டுத் திரும்பும் ஒலி அடையும் சிறு மாறுதல்களைக் கொண்டு, சப்தம் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா, முன்னிருந்தா பின்னிருந்தா என்று மூளை நிதானித்துக்கொள்கிறது. வலப்புறத்தில் எழும் ஓசை இடக்காதைச் சென்றடைய ஏற்படும் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அதையும் கணக்கிட்டுத்தான் நாம் திசை அறிகிறோம். மடலிலிருந்து உட்செல்லும் குழல் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் கோடியில், ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு கனமுள்ள செவிப்பறை, வரும் ஒலிக்கு ஏற்ப அதிர்ந்துகொண்டிருக்கிறது.

செவிப்பறைக்கு அப்பால், காற்று நிரம்பிய சிறிய அறையொன்றில், சுத்தி, பட்டடை, அங்கவடி என்று வடிவத்தினால் பெயர் பெற்ற மூன்று எலும்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. நம் உடம்பிலுள்ள எலும்புகளிலெல்லாம் மிகச் சிறியதான அங்கவடி, சுமார் 3 மில்லிமீட்டர் அளவே உள்ளது. அதன் அடித்தட்டு உட்செவியின் வாயிலாகிய சாளரத்தில் பொருந்தியிருக்கிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு அந்தத் தட்டைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு பெரிது. அகன்ற பரப்பிலே வாங்கிய விசையைக் குறுகிய இடத்திற் கொண்டு சேர்ப்பதாலும், எலும்புகள் நெம்புகோலாக இயங்குவதாலும், அழுத்தம் 20 மடங்குக்கு மேல் பெருகுகிறது. திருப்பியனுப்பப்பட வேண்டிய சப்தம் திரவத்துக்குள் பிரவேசிப்பது இந்த உபாயத்தினாலேதான்.

இவ்வறையின் காற்றழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒத்திருந்தாலன்றிச் செவிப்பறை தாராளமாக அசையாது. அதற்கென்று தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு குழல் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த உடற்கூற்று வல்லுநர் யூஸ்டேக்கியோவின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்கிறார்கள். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைத்துக்கொண்ட காது, எச்சிலை விழுங்கியதும் விடுபடுவது அக்குழல் திறப்பதால்தான். குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டமாகவும் இருப்பதால், ஜலதோஷம் எளிதிற் காதுவலியாக முடிகிறது.

இனி உட்செவி. ஏறக்குறைய இரண்டே முக்கால் சுற்றுச் சுருண்டு, நீட்டினால் 3.5 சென்டிமீட்டர் அளவு வரக்கூடிய நத்தைச் சுருளின் உள்ளே, நெடுக ஒரு சவ்வு ஓடுகிறது. அது வாயிலருகே குறுகி விறைப்பாகவும், உச்சியிலே அகன்று தளர்ந்தும் இருக்கிறது. தொலைபேசியைச் செம்மைப்படுத்துவதற்குக் காதின் தன்மையை அறிய வேண்டும் என்று புடாபெஸ்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் 1920-களில் ஆராய்ச்சி தொடங்கிய கியார்க் வான் பெக்கேசி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி, இறந்தவர்களின் உட்செவியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, ஒலி இச்சவ்வின்மீது அலையாக ஓடுவதையும், உச்சஸ்தாயி ஓசை வாயிலருகிலும் தாழ்ந்த ஓசை உச்சியருகிலும் மிகுதியாக எழும்புவதையும் கண்டறிந்தார். 1961-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அதற்காக அவருக்கு அளிக்கப்பட்டது. அச்சவ்வின்மேல் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அலை எழும் இடத்தில் அவற்றின் நுண்மயிர்கள் சாய, அணுவிலே மின்மாற்றம் உண்டாகி, அது நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. உட்செவியிலேயே உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள், இதே வகை மயிரணுக்களைக் கொண்டு, தலையின் அசைவை உணர்ந்து நம் சமநிலையைக் காக்கின்றன.

இவ்வளவு நேர்த்தியான அவயவத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அழிந்த மயிரணு கோழிக்கு மீண்டும் முளைக்கிறது, மனிதனுக்கு முளைப்பதில்லை. பேரோசை எழுந்தால் எலும்புகளை இறுக்கிப் பிடிக்கும் தசைகள் இருந்தபோதிலும், அவை முனைவதற்குள் வெடியோசை உள்ளே போய்விடுகிறது. தறிப்பட்டறையிலும் இயந்திரசாலையிலும் ஆண்டுக்கணக்காக இரைச்சலைச் சகித்துக்கொள்பவர்களுக்கு முதலில் உச்சஸ்தாயி ஓசைகள் மங்கி, பின்னர் பேச்சும் தெளிவிழக்கிறது. அது நோவில்லாமல் நடப்பதால் பலர் கவனிப்பதில்லை.

ஆகையால் நேயர்களே, இரைச்சலில் வேலை செய்வோர் காதடைப்பான் அணியட்டும். காதோரம் ஒலிக்கும் கருவிகளின் ஓசையை அனைவரும் தணித்துக்கொள்ளட்டும். குழந்தையைக் காதோடு சேர்த்து அறையாதீர்கள். செவிப்பறை கிழிவதற்கு ஓர் அறை போதும். குறும்பி காதைக் காப்பதற்காகச் சுரப்பது. அது பெரும்பாலும் தானே வெளிவந்துவிடும். கொண்டை ஊசியும் தீக்குச்சியும் அதை இன்னும் உள்ளேதான் தள்ளும். காதில் சீழோ, விடாத இரைச்சலோ, திடீர்ச் செவிட்டுத்தன்மையோ கண்டால், எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காலங்கடத்தாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.