உதவிக்கு வந்த கம்பெனிகள் ஏன் விலகிப் போகின்றன?



2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு எல்லாம் கடலுக்குப் பறிகொடுத்தது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கியிருந்தவர்களிடையே சொந்தங்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர்கள் எத்தனை பேர்! எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்பதை ஓரிடத்தில் பார்க்கும் வழி அன்று நாட்டில் இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கக் கொழும்பின் மென்பொருள் பொறியியலாளர்கள் இராப்பகலாக எழுதியதுதான் சஹானா. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் முன்னின்றது. வேர்ச்சுசா போன்ற கம்பெனிகளின் ஆட்கள் கைகொடுத்தார்கள். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்த மூல மென்பொருளாகவே அதை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது உதவியது.

அவசரம் தணிந்ததும் தொண்டர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. சுவீடனின் சீடா நிறுவனம் நிதி தந்தபின்தான் சம்பளத்துக்கு ஆள் வைத்து அதை மறுபடி ஒழுங்காக எழுத முடிந்தது.

இப்படி விலகுவது உலகெங்கும் நடக்கிறது. பொறியியலாளர் ஒருவரின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் காசு வாங்கும் கம்பெனியில், சஹானா போன்ற பொதுவேலைக்குப் போகும் மணித்தியாலம் கணக்கில் நட்டமாகவே தெரியும். அதன் அருமை தெரிந்த ஒரு மேலாளர் இருக்கும் வரை வேலை ஓடும். அவர் வேறிடம் போனால் அடுத்து வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எதற்கு?" பதில் சொல்ல ஆளிருக்காது. இன்னும் சில கம்பெனிகள் திறந்த மூல மென்பொருளைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டே போகும். மாற்றங்களைப் பொதுவில் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டால் அவர்களின் பிரதிக்கும் பொதுப் பிரதிக்கும் இடைவெளி கூடும். பிறகு சேர்ப்பதே பெரிய செலவாகிவிடும்.

கம்பெனியே கைமாறுவதும் உண்டு. 2010இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஒரக்கிள் வாங்கியது. சன்னின் திறந்த மூல இயங்குதளமான ஓப்பன் சொலாரிஸ் அதே வருடம் நின்றுபோனது. சன்னின் இன்னொரு திறந்த மூல மென்பொருளான, அலுவலக வேலைக்குரிய ஓப்பன் ஒபிஸில் உழைத்தவர்களோ ஒரக்கிளை நம்பிக் காத்திருக்கவில்லை. தனி அமைப்பொன்றை உருவாக்கி, லிப்ரே ஒபிஸ் என்ற பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். இன்று அதைத் தமிழிலும் பாவிக்கலாம்.

நான் கம்பெனிகளிடம் தியாகம் கேட்கவில்லை. போவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தெரிந்ததை எழுதிவையுங்கள், சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளே, நாளைக்கு அந்தக் கம்பெனிகளில் இருக்கப்போவது நீங்கள். அந்த மேலாளரின் கதிரையில் அமரும்போது இதை எடுத்துப் பேசுங்கள்.

சஹானாவுக்கு 2009இல் தனி அறக்கட்டளை அமைந்தது. எந்தவொரு கம்பெனியின் தயவிலும் அது தொங்கி நிற்கவில்லை. மறுவருடம் ஜனவரியில் ஹெய்ட்டியில் பூமி அதிர்ந்தபோது, பல நாட்டுத் தொண்டர்கள் அந்த மென்பொருளைக் கொண்டுதான் அங்கே வைத்தியசாலைகளையும் உதவி நிறுவனங்களையும் பதிவு செய்தார்கள்.