பாரிமுனைக்குச் சரக்கு எடுக்கப் போறவங்களுக்கு

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. "மெட்ராஸ்ல சரக்கு எடுக்கிறதைப் பத்திப் பேசும்மா"ன்னு தலைவி அக்கா சொன்னதால நிக்கிறேன்.

எங்க குழு நைட்டி, உள்பாவாடை தைக்கிற குழு. முதல் தடவை குழுப் பணம் 18,000 ரூபாயோட நான் ஒருத்தியா பாரிமுனை போனேன். கோடவுன் தெரு முனையிலேயே ஒரு ஆள், "வாங்கக்கா, ஹோல்சேல் ரேட்"ன்னு கூப்பிட்டார். பின்னாடியே போயிட்டேன். ஒரு சந்து, மாடிப்படி, சின்ன ரூம். மேலாக இருந்த துணி நல்லாத்தான் இருந்தது. பில் கேட்டேன். "பில் போட்டா வரி சேரும்"னார். சரின்னுட்டேன். ஊருக்கு வந்து பிரிச்சா ஒவ்வொரு தானிலும் ஒன்றரை, இரண்டு மீட்டர் குறைவு. அடியில இருந்ததெல்லாம் சாயம் போற துணி. மறுநாள் கூட்டத்தில சொல்லித்தானே ஆகணும்? சொன்னேன். ஒரு அக்கா, "எங்க பணத்தில ஊர் சுத்திட்டு வந்தியா"ன்னு கேட்டுட்டாங்க. முழு நஷ்டத்தையும் என் பேர்ல கடனா எழுதச் சொன்னேன். பாதியைத்தான் எழுதினாங்க.

அதனால சொல்றேன். தெருவில கூப்பிடுற ஆள் பின்னாடி போகாதீங்க. அவருக்குக் கமிஷன், அது நம்ம துணி விலையிலதான் ஏறும். நாலு கடை ஏறி இறங்குங்க. தானைப் பிரிச்சு டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க. முகம் சுளிச்சா அடுத்த கடை. கைக்குட்டையை நனைச்சு ஓரத்தில தேய்ச்சா சாயம் தெரிஞ்சிடும். பில் இல்லாம எடுக்காதீங்க, நம்ம ஆடிட்டுக்கும் அதுதான் வேணும். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். எப்பவும் ரெண்டு பேராப் போங்க. ஒருத்தர் பேரம் பேசினா இன்னொருத்தர் பையைப் பார்த்துக்கலாம்.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும் ஒரு நடை போங்க, ஆனா சரக்கு எடுக்க இல்ல. அங்க தொங்குற நைட்டியோட தையல், கழுத்து டிசைன், விலை மூணையும் பார்த்துட்டு வாங்க. நம்ம சரக்குக்கு என்ன விலை வைக்கலாம்னு அப்பதான் புரியும். பீச் ரயில்ல ஏறினா மாம்பலம், இறங்கினா அந்தத் தெருதான். தீபாவளி சமயத்தில மட்டும் வேண்டாம், கூட்டத்தில மூச்சு விட முடியாது.

ஊறுகாய் போடுற குழுக்கள் இன்னும் கொத்தவால் சாவடின்னே சொல்றாங்க. காய்கறி மொத்த வியாபாரம் 1996லேயே கோயம்பேட்டுக்குப் போயிடுச்சு. விடியக்காலையில போனாத்தான் நல்ல காய். டவுன் பஸ்ல சாதாரணக் கட்டண வண்டியா பார்த்து ஏறுங்க, நமக்கு இலவசம்.

இன்னொண்ணு, ஆம்பளைங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கடைத்தெருவில நமக்கு பாத்ரூம் கஷ்டம். அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்து, ஒரு தடவை நீர்க்கடுப்பில மூணு நாள் படுத்தேன். நல்ல ஓட்டலா பார்த்துச் சாப்பிடப் போங்க, அங்கேயே போயிட்டு வந்திடலாம். பத்து ரூபா மிச்சம் பார்க்காதீங்க.

அன்னைக்கு என்னைக் கேட்ட அக்காதான் இப்போ என்கூட வர்றாங்க. டேப் அவங்க கையிலதான். ஆடி முடிஞ்சதும் மறுபடி போறோம். ரெண்டு மூணு குழு சேர்ந்து எடுத்தா விலை குறையும். வர்றவங்க சாப்பாட்டு நேரத்தில என்கிட்ட பேர் குடுங்க.