இலையும் தம்ளரும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கண்டமங்கலமானாலும், வடக்கே திண்டிவனமானாலும், சாப்பிட உட்காருபவருக்கு இலையோடு ஒரு தம்ளர் தண்ணீரையும் வைப்பதே மரியாதை. குழம்புக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்று சோறும் நீரும் சேர்ந்தே உள்ளே போவதுதான் நம் சாப்பாட்டின் இயல்பு. உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இந்த இயல்பை மாற்றி, உணவுக்கு ஒரு வேளை, நீருக்கு ஒரு வேளை என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இச்சிகிச்சையில் இரண்டு முறைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. ‘ஸ்லீவ்’ எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி வாழைப்பழ வடிவில் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லி லிட்டர் கொள்ளும் குழாயாக அமைகிறது. ‘பைபாஸ்’ எனப்படும் மாற்றுவழி முறையிலோ இரைப்பையின் மேற்பகுதி சுமார் 30 மில்லி லிட்டர் அளவுள்ள சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. வீட்டுத் தம்ளர் ஒன்றில் ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் பிடிக்கும் என்பதை எண்ணினால், சாப்பாட்டின் நடுவே குடிக்கும் நீர் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது விளங்கும்.

அவ்வாறு இடம் அடைபடும்போது நெஞ்சு கனத்து, குமட்டலும் வாந்தியும் வரலாம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவைப்படும் புரதமும் உள்ளே போகாமல் நின்றுவிடலாம். நீர் உணவை விரைவாகக் குடலுக்குள் தள்ளிவிடுவதால் பசி அடங்கிய உணர்வு நிலைக்காது என்றும், இனிப்பு உண்ட பைபாஸ் நோயாளிக்குப் படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் தோன்றும் ‘டம்பிங்’ என்ற நிலை ஏற்படக்கூடும் என்றும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இவ்வறிவுரை பெரிய ஆய்வுகளைவிடச் சிகிச்சை அனுபவத்தையே மிகுதியாகச் சார்ந்தது. ஆயினும், உண்டபின் அரை மணி நேரமாவது பொறுத்துப் பருகுமாறு கூறுவதே உலகெங்கும் வழக்கமாக உள்ளது.

ரசமும் மோரும் நீராகாரமும் நீர்க்கணக்கில் சேர்பவையே. ஆகவே முட்டை, மீன், பருப்பு, சுண்டல் ஆகியவற்றை நன்றாக மென்று முதலில் உண்டு, மோரைப் பிற்பகலுக்கு ஒதுக்கி வைப்பது நலம்.

உணவோடு குடிக்கக் கூடாது என்பதற்குக் குறைவாகக் குடிக்கலாம் என்று பொருளன்று. சிகிச்சைக்குப் பின் உடலில் நீர் வற்றுவதால் மீண்டும் மருத்துவமனைக்கு வருபவர்கள் பலர். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். விழித்திருக்கும் 15 மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால் மணிக்கு அரைத் தம்ளர் வரும். அதையும் ஒரே மூச்சில் அண்ணாந்து குடிக்காமல் மிடறு மிடறாகப் பருக வேண்டும். சித்திரை வெயிலில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இந்த அளவு போதாது. சிறுநீர் கடும் மஞ்சளாகி, எழும்போது தலை சுற்றினாலோ, குடித்த நீரும் வயிற்றில் தங்காவிட்டாலோ தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதில் வீட்டாரின் பங்கு பெரிது. இலையருகே தம்ளர் வைக்காதது உபசரிப்பில் குறையாகாது; அரை மணி நேரம் கழித்து, சாப்பிட்டவர் மறந்திருந்தாலும், அந்தத் தம்ளரை நினைவாகக் கொண்டுவந்து கையில் கொடுப்பதே அவருக்கான உபசரிப்பு.