1853 என்ஃபீல்டு: நகல் எது, போலி எது?

இன்றைக்கு ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம். 1857 பாடத்தில் கொழுப்பு தடவின தோட்டா என்று படிச்சிருப்போம் இல்லையா? அந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காக வந்ததோ, அதுதான் 1853 மாடல் என்ஃபீல்டு. ஆனா நான் சொல்ல வந்தது சிப்பாய்களின் கதை இல்லை. நூறு வருஷம் கழித்து அதே துப்பாக்கியைப் புதுசா செய்யத் தொடங்கினாங்களே, அந்த நகலின் கதை.

முதலில் அசலைப் பார்ப்போம். நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரிதான்: வாய் வழியா மருந்தைக் கொட்டி, குண்டைக் குத்தி இறக்கணும். குழல் மட்டும் 39 அங்குலம். உள்விட்டம் 0.577 அங்குலம். குழலுக்குள் மூன்று வரி முறுக்கி ஓடும். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போவது அதனால்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு, தெற்கு இரண்டு தரப்புமே இதை லட்சக்கணக்கில் வாங்கினாங்க.

அங்கேதான் நகலுக்கான தேவையும் வந்தது. 1961 முதல் 1965 வரை அந்தப் போரின் நூற்றாண்டு. பழைய சீருடை போட்டுக்கொண்டு போர்க்களத்தை நடித்துக் காட்டுவது பெரிய பொழுதுபோக்கு ஆச்சு. இலக்கு சுடும் போட்டிகள் அதற்கு முன்பே இருந்தன. இதற்கெல்லாம் அசல் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போனா என்ன ஆகும்? கருமருந்துப் புகையில் இரும்பு அரிக்கும், கட்டை விரியும். நூறு வருஷம் தப்பிப் பிழைத்த பொருளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கெடுத்துவிடலாம்.

அதனால் நகல் வந்தது. இத்தாலியில் கார்தோனே வால் ட்ரோம்பியா என்று ஒரு ஊர். பல நூற்றாண்டாகத் துப்பாக்கி செய்கிற பள்ளத்தாக்கு. அங்கே பல பட்டறைகள் இதில் இறங்கின. 1970-களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பார்க்கர்-ஹேல் கம்பெனியும் செய்தது. பழைய அளவுமானிகளை வைத்துச் சரிபார்த்துச் செய்ததால், அசலுக்கு ரொம்ப நெருக்கமானது என்று அதற்குப் பேர். பல இத்தாலிய நகல்களில் குழலின் கனமும் கட்டையின் வடிவமும் கொஞ்சம் மாறியிருக்கும். பளபளவென்று வார்னிஷ் வேறு.

அசல் மாதிரியே வேணும் என்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் உறுத்தும். அதனால் வார்னிஷைச் சுரண்டி எண்ணெய் தேய்ப்பாங்க. கட்டையைச் செதுக்கி மெலிதாக்குவாங்க. இதுவரைக்கும் சரி. அடுத்த படிதான் சிக்கல். குழல் மேல் இருக்கிற கம்பெனிப் பேர், ‘கருமருந்து மட்டும்’ என்ற எச்சரிக்கை, சோதனை முத்திரை எல்லாவற்றையும் அரத்தால் தேய்த்துவிட்டு, பழைய முத்திரை மாதிரி ஒன்றைக் குத்துவாங்க.

அந்த முத்திரைகள் சும்மா இல்லை. இத்தாலியில் செய்த ஒவ்வொரு குழலையும் கார்தோனேயின் சோதனைச் சாலை, கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்தும். சின்னக் கட்டத்துக்குள் ரோமன் எண்ணோ இரண்டு எழுத்தோ இருக்கும். அது சோதனை நடந்த வருஷம். அதை அழித்தால் துப்பாக்கியின் பிறந்த தேதி போச்சு. அடுத்து வாங்குகிறவர் அதை 160 வருஷப் பழசு என்று நம்பி, பல மடங்கு விலை கொடுப்பார்.

பிரிட்டனில் இது சட்டத்தையும் தொடுகிறது. அசல் பழசை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ள அங்கே உரிமம் வேண்டாம். சுடக்கூடிய நகலுக்குக் கட்டாயம் வேணும். அதாவது முத்திரை அழிந்த நகலை அசல் என்று நம்பி வீட்டில் மாட்டி வைத்தவர், தெரியாமலே குற்றவாளி ஆகலாம்.

நடுவில் ஒரு நல்ல வழி இருக்கு. நேர்மையான வேலைக்காரர்கள் முத்திரையை ஒரேயடியாக அழிக்க மாட்டாங்க. குழலின் அடிப்பக்கத்தில், கட்டைக்குள் மறைகிற இடத்தில் அந்த விவரத்தைத் திரும்பப் பொறித்து வைப்பாங்க. மைதானத்தில் பார்த்தால் 1853. கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்.

எனக்குப் பிடிச்ச நகல் அதுதான்.