தோல் உறைக்குள்ள துரு: ரிவால்வருக்கு எந்தப் பூச்சு தாங்கும்?

இந்த வாரக் கேள்வி கணியம்பாடியில இருந்து. கேட்டவரோட பெரியப்பாவுக்கு அமிர்தி போற வழியில, மலையடிவாரத்துல மாந்தோப்பு. லைசென்ஸ் உள்ள கான்பூர் .32 ரிவால்வர் ஒண்ணு வச்சிருக்கார். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒப்படைச்சதை ஜூன்ல திரும்ப வாங்கி, உறையில இருந்து உருவினா, சிலிண்டர் ஓரமெல்லாம் செம்பழுப்பா துரு. "வெயில், மழை, வேர்வை மூணையும் தாங்குற மாதிரி எந்த கோட்டிங் போடலாம்?"

நான் முதல்ல சந்தேகப்படுறது அந்த உறையைத்தான். ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கத்துத் தோல் எப்படித் தயாராகுதுன்னு பாருங்க. பச்சைத் தோல் கெட்டுப்போகாம இருக்க உப்பு போட்டுத்தான் டேனரிக்கு வரும். அங்க உப்பும் கந்தக அமிலமும் கலந்த தண்ணியில ஊறின பிறகுதான் குரோம் ஏத்துவாங்க. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உப்பும் அமிலமும் உள்ளேயே தங்கலாம். ஆவாரம் பட்டையில பதப்படுத்துற பழைய முறையிலயும் டானின் இருக்கு, அது இரும்போட சேர்ந்தா கறுக்கும். போதாக்குறைக்கு, தோல் காத்துல இருக்குற ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். ரெண்டு மாசத்துக்கு மேல இரும்பை இதுல சுத்தி வச்சா வேற என்ன ஆகும்? பித்தளைத் தோட்டாவைத் தோல் பெல்ட்டுல செருகியே வச்சா பச்சையா களிம்பு பிடிக்குதே, அதே கதைதான்.

அதனால உறை இடுப்புல இருக்கும்போது மட்டும். வீட்டுல எண்ணெய் தடவின துணியில சுத்தி, உலர்ந்த பெட்டியில பூட்டி வைக்கணும். இதைச் செய்யாம எந்த கோட்டிங் போட்டாலும் காசு வீண்.

சரி, கோட்டிங். அந்தக் காலத்துக் கறுநீல ப்ளூயிங் அழகுதான். ஆனா அது இரும்பு மேலயே வளர்த்த ஆக்சைடு, கனம் சில மைக்ரான்தான். எண்ணெய் காஞ்சா அதோட காவல் முடிஞ்சது. பாஸ்பேட் பூச்சு பார்க்க மங்கலா இருக்கும், ஆனா எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கும். ராணுவங்களுக்கு அதனாலதான் பிடிச்சது. செராகோட் மாதிரி செராமிக் பெயின்ட் ஈரத்தை நல்லாவே தடுக்கும், ஆனா உறையில உருவி உருவிப் போட்டா முனைகள்ல தேயும். ஹார்ட் குரோம் தேயவே தேயாதுன்னு சொல்லலாம், ஆனா அதுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு, ஈரம் அது வழியா இறங்கும். இன்னொண்ணு, தோல்ல ஏத்துறது மூணு இணைதிறன் குரோமியம். இந்த முலாமுக்கு வழக்கமா ஆறு இணைதிறன், புற்றுநோய் வரவைக்கிற வகை. அந்தக் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன பண்ணும்னு ராணிப்பேட்டைக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என் ஓட்டு எலக்ட்ரோலெஸ் நிக்கலுக்கு. கரண்ட் இல்லாம, ரசாயனக் குளியல்லயே ஏறுற நிக்கல்-பாஸ்பரஸ் முலாம். மூலை முடுக்கெல்லாம் ஒரே கனத்துல ஏறும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருக்குற ரிவால்வர்ல இது பெரிய விஷயம். ஸ்ப்ரிங்கைக் கழட்டிட்டுத்தான் போடணும். முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ள போய் ஸ்ப்ரிங் பொடுக்குனு உடையும்.

ஸ்டெயின்லெஸ் வாங்கிட்டா தொல்லை விட்டுதேன்னு சிலர் நினைப்பாங்க. 1965ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வரை இறக்கினாங்க. வேர்வை உப்பு அதையும் புள்ளி புள்ளியா அரிக்கும், என்ன, கொஞ்சம் மெதுவா.

இப்போ முக்கியமான இடம். பைக் சைலன்சருக்கு முலாம் போடுற கடையில "அண்ணே, இதையும் முக்கிக் குடுங்க"ன்னு நீட்டிடாதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் பண்ணித் தர்ற தொழிலுக்கே உரிமம் வேணும். அதோட, முலாமுக்கு முன்னாடி பஃபிங் சக்கரத்துல தேய்ப்பாங்க. அதுல சீரியல் நம்பர் அழிஞ்சா, நம்பரை அழிச்சதே தனிக் குற்றம். வேலையை உரிமம் உள்ள கன்ஸ்மித்கிட்ட மட்டும் குடுங்க. குடுக்கும்போது ரசீதுல நம்பர் எழுதச் சொல்லுங்க, வாங்கும்போது ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது, பெரியப்பா அந்த உறையை வீட்டு ஆணியிலேயே மாட்டிட்டுப் போகட்டும்.