உறையாத திரையும் பல்லிழைச் செயலாக்கமும்



'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பிழைதிருத்தும் மென்பொருள் இதனை அகராதியில் நேரே தேடிப் பயனில்லை. உம்மை, வேற்றுமை உருபு, பன்மை விகுதி, துணைவினை என ஒவ்வொன்றாகப் பிரித்த பின்னரே 'படி' என்னும் பகுதியை அடைய இயலும். ஒரு சொல்லுக்கு இது நொடியில் சிறு கூறே. நூறு பக்க ஆய்வேட்டுக்கோ பல நொடிகள் ஆகலாம். அதுவரை திரை உறைந்து நின்றால் எழுதுபவர் என்ன செய்வார்?

உறைவதன் காரணம் எளியது. ஒரு மென்பொருளுக்குள் தொடர்ச்சியாக ஓடும் கட்டளை வரிசையை 'இழை' என்கிறோம். சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் கண்ட நன்னூலைப் பயின்றோர்க்கு இப்பெயர் அயலானதன்று. மேசைக்கணினி மென்பொருளின் முதன்மை இழையே விசையழுத்தங்களைப் பெறுகிறது, திரையையும் வரைகிறது. அதே இழை சொல்லாய்விலும் இறங்கினால், அழுத்திய எழுத்துகள் வரிசையில் காத்துக் கிடக்கும். 5 நொடி மறுமொழி இல்லையெனில், அம்மென்பொருள் பதிலளிக்கவில்லை என்று விண்டோஸே அறிவித்துவிடும். மனிதப் பொறுமையோ அதனினும் குறுகியது. 0.1 நொடிக்குள் வரும் விளைவே உடனடியானதாகத் தோன்றும். 1 நொடியைக் கடந்தால் சிந்தனை ஓட்டம் தடைப்படும் என 1993இல் ஜேக்கப் நீல்சன் எழுதினார்.

ஆதலின், சொல்லாய்வைப் பின்புல இழை ஒன்றிடம் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு மூன்று நெறிகள் உள்ளன. முதலாவது, திரையை முதன்மை இழை மட்டுமே மாற்றவேண்டும். பின்புல இழை தன் முடிவை அதனிடம் சேர்ப்பித்தால் போதும். இரண்டாவது, ஆய்வு முடியுமுன் பத்தி திருத்தப்பட்டால் பழைய முடிவைக் கைவிடவேண்டும். இல்லையேல் பிழையற்ற சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு விழும். மூன்றாவது, பயனர் சேர்க்கும் சொற்பட்டியலை இரண்டு இழைகள் ஒரே வேளையில் மாற்றாதவாறு காத்தல் வேண்டும்.

இம்முறையால் ஆய்வின் நேரம் குறையும் என்று கூறவில்லை. காத்திருக்கும் சுமை எழுதுபவர்மேல் விழாது என்கிறோம். இவ்வேறுபாடு சிறிதன்று. திரை உறைந்தால், இழை தவறாகப் பகிரப்பட்டது என்று மாணவர் எண்ணமாட்டார். தமிழில் தட்டச்சு செய்வதே தொல்லை என்று எண்ணுவார். பின்னர்ப் பிழைதிருத்தியை நிறுத்திவிடுவார். நம் இலக்கண ஆய்வு எத்துணை நுட்பமானதாயினும் அவரைச் சென்றடையாது.

எனவே, ஒரு தமிழ்க் கருவியை மதிப்பிடும்போது, 'சரியாகப் பிரிக்கிறதா?' என்பதோடு, 'பிரிக்கும்போது எழுதவிடுகிறதா?' என்றும் கேட்போமாக.